இறுதி ஆட்டத்தன்று போட்ட சாப்பாடு

நெமானி: …சரி, இப்படி ஆரம்பிக்கிறேன், கேளு. "பரலோகத்துல இருக்கிற ஆண்டவர் சாட்சி, எங்க அப்பன் கல்லறை சாட்சி, என் கையில இருக்கிற இந்தத் திமிங்கிலப் பல் சாட்சி. நான் சொல்லப்போற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை."

அபோரோசா: பிரமாதம். எனக்கே அழுகை வருது. அப்புறம்?

நெமானி: அப்புறந்தான் தெரியலை. நான் என்ன செஞ்சேன்?

அபோரோசா: என்னைக் கேட்டா? செஞ்சவன் நீ.

நெமானி: நான் ஒண்ணுமே செய்யலைடா!

அபோரோசா: மெதுவா! இது எங்க ஊர். நரோகோவுல கடைக்குப் பின்னால நின்னு பேசினாலும் கோயில் வரைக்கும் கேக்கும். வைராசாக்காரன் மன்னிப்புக் கேக்க வந்துட்டு, மன்னிக்க வேண்டிய ஊரோட பேச்சாளன்கிட்டயே பாடம் படிச்சுட்டு நிக்கிறான்னு தெரிஞ்சா…

நெமானி: தெரிஞ்சா?

அபோரோசா: எனக்கொண்ணுமில்லை. உன்னைத்தான் சிரிப்பாங்க.

நெமானி: சிரிக்கட்டும். உங்க ஊரும் எங்க ஊரும் தௌவு. ஒரே பூர்வீகச் சாமி வழி வந்தவங்க. நீ என்னை விலாங்கு மூஞ்சின்னு திட்டலாம், என் கோழியைப் பிடிச்சுட்டுப் போகலாம். நான் கோவிக்காம பல்லைக் காட்டிட்டு நிக்கணும். பொறந்ததுலேருந்து பழக்கம்தானே.

அபோரோசா: போன மாசம் பிடிச்ச கோழி கொஞ்சம் கிழடு. சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

நெமானி: அது நீதானா!

அபோரோசா: விஷயத்துக்கு வா மச்சான். மழை வேற பிடிச்சுக்கிச்சு. எந்நேரமும் உள்ளே கூப்பிடுவாங்க.

நெமானி: என் பையன்தான் விஷயம். திங்கக்கிழமை காலைல பஸ் ஏறுறான் தொமாசி. ஆஸ்திரேலியாவுக்கு, பழம் பறிக்க. வாசீதியைக் கொடுத்தா கட்டிக்கிட்டு இங்கேயே கிழங்கு நடுவானாம். கொடுக்கலைன்னா போனவன் போனவன்தானாம். திரும்பி வரமாட்டேன்னு அவங்க அம்மா முகத்தைப் பாத்துச் சொல்லிட்டான். ஒத்தைப் பையன்டா.

அபோரோசா: வாசீதி எனக்கு அக்கா மக. அவளும் அழுதுக்கிட்டேதான் இருக்கா. பக்கத்து வீடு என்னோடது. சுவர் தகரம். அவ அழற ஒவ்வொரு சொட்டும் என் தலையணையில விழற மாதிரி இருக்கு. நான் தூங்கி நாளாச்சு.

நெமானி: அந்த இனோக்கேயெல்லாம் ஒரு அப்பனா? பழைய ரக்பி ஆட்டத்துக்காகப் பொண்ணோட வாழ்க்கையை…

அபோரோசா: அத்தானைப் பத்தி என்கிட்டயே பேசாதே. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "இறுதி ஆட்டத்தன்னிக்கு எங்க சாப்பாட்டுல என்ன போட்டாங்கன்னு, சமைச்சவன் வந்து, தன் வாயால, ஊர் முன்னால சொல்லணும். பல்லை வெச்சு மன்னிப்புக் கேக்கணும். அப்பத்தான் என் பொண்ணு ஆத்தைத் தாண்டுவா."

நெமானி: சமைச்சவன் நான்தான், இல்லைங்கலை. என்ன போட்டேன்? உப்புப் போட்டேன். வெங்காயம் போட்டேன். ஆத்து இறாலை உரிச்சுப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, சேப்பங்கீரையில பொட்டலம் கட்டி, மண்ணடுப்புல வேக வெச்சேன். இதைச் சொன்னா போதுமா?

அபோரோசா: இது சமையல் குறிப்பு. மன்னிப்பு இல்லை.

நெமானி: நடந்தது அவ்வளவுதானே! எங்க ஊர்ல உங்க அணிக்குன்னு ஒதுக்கின வீட்டுக்கு நானே சுடச்சுடக் கொண்டுபோய் வெச்சேன். ஜெபம் பண்ணணும்னு கதவைச் சாத்திக்கிட்டீங்க. முடிச்சுட்டு நீதானே வெளியே வந்து, கையைத் தட்டி, பத்து ஊருக்குக் கேக்கிற மாதிரி நன்றி சொன்னே? "இப்படி ஒரு சாப்பாட்டை எங்க பாட்டன்கூடத் தின்னதில்லை"ன்னு?

அபோரோசா: சொன்னேன். பேச்சாளன் வேலை அது. தௌவு போட்ட சாப்பாட்டை வேண்டாம்னு தள்ள முடியுமா? தள்ளினா அதைவிடப் பெரிய குத்தம் கிடையாது. நாங்கதான் பல் தூக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிக்கணும். தலைமுறைக்கும் கேவலம்.

நெமானி: அது சரி…

அபோரோசா: நீ ஏன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறே? தலை சுத்துது. நில்லு.

நெமானி: நிக்க முடியலை. சொல்லு, உங்க ஊர்ல என்னதான் சொல்றாங்க? எங்க அணி ஜெயிச்சுது, உங்க அணி தோத்துச்சு. அதுல என்ன மர்மம்?

அபோரோசா: தோத்துச்சா! மச்சான், அந்த வருஷத்து எங்க அணி எப்பேர்ப்பட்டதுன்னு உனக்கு மறந்துபோச்சு. கடலோரத்துப் போலீஸ் அணியையே மண்ணைக் கவ்வ வெச்சவங்க. எங்க முன்வரிசை ஸ்க்ரம்ல குனிஞ்சு பயிற்சி எடுக்கிறப்ப, எதிர்ல தள்ள ஆள் இல்லாம, பாதிரியார் வீட்டுத் தென்னைமரத்தைத்தான் தள்ளுவோம்.

நெமானி: சரி.

அபோரோசா: மரம் நகர்ந்துடுச்சு.

நெமானி: போடா.

அபோரோசா: முன்னாடி தண்ணித்தொட்டிக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு. இப்ப அந்தப் பக்கம் இருக்கு. போற வழியில பாரு.

நெமானி: தொட்டியைத்தானே புயலுக்கப்புறம் இடிச்சு வேற இடத்துல கட்டினாங்க?

அபோரோசா: அது வெளியூர்க்காரங்களுக்குச் சொல்ற காரணம். அப்பேர்ப்பட்ட ஆளுங்க, ரெண்டாம் பாதியில ஒவ்வொருத்தனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். கண்ணு இருட்டுதுங்கறான், கால் நடுங்குதுங்கறான்.

நெமானி: …பாத்தேன்.

அபோரோசா: கடைசியில அத்தான் கையில பந்து. கம்பத்துக்கு நேர் எதிர. எங்க அக்கா கண்ணைக் கட்டிக்கிட்டு உதைச்சாலும் உள்ளே போற இடம். உள்ளே போனா கேடயம் எங்களுக்கு.

நெமானி: பந்து பாதி வழியில செத்த தவளை மாதிரி விழுந்துச்சு.

அபோரோசா: அத்தானும் விழுந்தார். அன்னிலேருந்து அந்தக் கால் பந்தைத் தொடலை. ரேடியோவுல ஆட்டம் வந்தா எழுந்து போய் விறகு வெட்டுவார். நரோகோவுலயே அக்கா வீட்ல மட்டுந்தான் விறகுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

நெமானி: பாவந்தான்… சரி, நான் என்ன போட்டேன்னு வெச்சுக்கலாம்? சீக்கிரம் சொல்லு.

அபோரோசா: அதுலதான் சிக்கல். எல்லாரும் ஒரே கதை சொன்னா நானும் உனக்கு அதையே சொல்லிக் கொடுத்துடுவேன். பாடகர் குழுப் பொம்பளைங்க சொல்றது, டின் மாட்டுக்கறி. அமெரிக்கப் பட்டாளம் உலகச் சண்டை முடிஞ்சு விட்டுட்டுப் போன டின்.

நெமானி: சண்டை முடிஞ்சு எத்தனை வருஷம் கழிச்சு இந்த ஆட்டம்!

அபோரோசா: அதான். அதனாலதான் வயித்து வலி.

நெமானி: அன்னிக்கு டின்னே உடைக்கலைடா!

அபோரோசா: மீன் பிடிக்கிறவங்க சொல்றது விலாங்கோட பித்தப்பை.

நெமானி: சீ!

அபோரோசா: பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்றது சூனியம். முந்தின ராத்திரி நீ ஒத்தையா உக்காந்து, கோல் கம்பத்தைப் பாத்து, நாம குடிக்கிற யங்கோனாவைக் கரைச்சு மண்ணுல ஊத்தினியாம். கம்பம் ரெண்டும் இறுக்கமா ஒட்டிக்கிச்சாம்.

நெமானி: வாத்தியாரா சொன்னார்?

அபோரோசா: அறிவியல் வாத்தியார்.

நெமானி: நான் சபை மூப்பன்டா! சூனியம் வெச்சேன்னு இன்னிக்கு ஒப்புக்கிட்டா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சியோட நிப்பேன்?

அபோரோசா: சரி, சூனியம் வேண்டாம். கெட்டுப்போன இறால்னு வெச்சுக்குவோம். சின்ன விஷயம், எல்லாரும் நம்புவாங்க, நீயும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

நெமானி: …முடியாது.

அபோரோசா: ஏன்?

நெமானி: ஆத்துக்கு ரெண்டு பக்கமும் எந்தச் சாவானாலும், எந்தக் கல்யாணமானாலும் அடுப்பு மூட்டறது யாரு? நான். நெமானி கெட்டுப்போன இறாலைப் போட்டான்னு நானே சொல்லிட்டா, அப்புறம் என் கையால எவன் சாப்பிடுவான்?

அபோரோசா: அப்ப விஷம் வெச்சேன்னு சொல்லலாமா?

நெமானி: அது பரவாயில்லை.

அபோரோசா: பரவாயில்லையா!

நெமானி: விஷம்ங்கறது வேணும்னே வெக்கிறது. கெட்ட இறால் கவனக்குறைவு. தௌவுக்காரன் தௌவுக்காரனுக்கு ஏதோ குறும்பு பண்ணிட்டான், எல்லை மீறிடுச்சுன்னு போகும். கொலைகாரன்னு சொல்லு, தாங்கிக்குவேன். சமைக்கத் தெரியாதவன்னு மட்டும் சொல்லாதே.

அபோரோசா: …மீன் வேர்?

நெமானி: எது, தட்டி ஆத்துல போட்டா மீனெல்லாம் மயங்கி மேலே வருமே, அந்த வேரா? அது பெரிய விஷயமாச்சே…

அபோரோசா: பெரிய விஷயமாத்தான் இருக்கணும். சின்னதா ஏதோ ஒண்ணுக்கு நரோகோ ஆளுங்க பதினஞ்சு பேரும் சுருண்டாங்கன்னா எங்களுக்கில்லையா அவமானம்? எங்க பக்கத்தையும் பாக்கணும் நீ.

நெமானி: சரி, வேர். எவ்வளவு?

அபோரோசா: ஒரு மூட்டை.

நெமானி: ஒரு மூட்டையில ஆறே செத்துடும்டா!

அபோரோசா: நாங்க அதைத் தின்னுட்டு முழு ஆட்டமும் ஆடியிருக்கோம். எங்க உடம்பு எப்படிப்பட்டதுன்னு உன் வாயாலேயே ஊருக்குத் தெரியட்டும்.

நெமானி: அரை மூட்டை.

அபோரோசா: முக்கால்.

நெமானி: அரைக்கு மேல ஒரு வேர் போனாலும் நான் இப்பவே தெப்பம் ஏறிடுவேன்.

அபோரோசா: ஏறு. தொமாசியும் பஸ் ஏறட்டும்.

நெமானி: …அரை மூட்டைடா. தயவுபண்ணு. கேக்கிறவங்க நம்பணுமில்லே.

அபோரோசா: சரி, அரை. மனசில்லாமத்தான் ஒத்துக்கறேன்.

நெமானி: இனோக்கே நம்புவானா? அவன் மனசுல விலாங்குப் பித்தம் இருந்து, நான் போய் வேருன்னு சொல்லி, "இவன் இன்னும் பொய்தான் சொல்றான்"னு பல்லைத் திருப்பிக் கொடுத்துட்டா?

அபோரோசா: கொடுத்தா முடிஞ்சது. மறுபடி கொண்டுவர முடியாது.

நெமானி: அதான் கேக்கிறேன், அவன் மனசுல என்ன இருக்கு?

அபோரோசா: யாருக்கும் தெரியாது. அக்காவே எத்தனையோ தடவை கேட்டுட்டா. "போட்டவனுக்குத் தெரியும்." அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது.

நெமானி: போட்டவனுக்குத் தெரியலையே…!

அபோரோசா: சங்கு ஊதறாங்க. கூப்பிட்டாச்சு. நீ முன்வாசல் வழியாப் போ, நான் பின்பக்கமாப் போறேன். உள்ளே என்னைப் பாத்தா யாரோ எவரோன்னு இரு.

நெமானி: அபோ… சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துபோச்சுடா.

அபோரோசா: மறக்கட்டும். குத்தவாளி திக்கினாத்தான் அழகு.

*

அபோரோசா: வைராசாவின் பெரியவங்களே, உள்ளே வாங்க. வாசல் தாழ்வு, தலையைக் குனிஞ்சு வாங்க. பாயில உக்காருங்க. மழையில ஆறு தாண்டி வந்திருக்கீங்க, அந்தச் சிரமத்துக்கு நரோகோ கை தட்டுது. இதோ எங்க இனோக்கே உக்காந்திருக்கார். உங்க வார்த்தை எதுவோ, அதை அவர் முன்னால வையுங்க.

நெமானி: பரலோகத்துல இருக்கிற ஆண்டவர் சாட்சி, எங்க அப்பன் கல்லறை சாட்சி…

இனோக்கே: உங்க அப்பனை நான் அறிவேன், நல்ல மனுஷன். அவரைத் தொந்தரவு பண்ணாதே. என்ன போட்டே?

நெமானி: வர்றேங்க. அதுக்குத்தான் வர்றேன். அன்னிக்கு விடியக்காலம், நான் மண்ணடுப்புக்குக் கல்லைச் சூடுபண்ணிக்கிட்டு இருந்தேன். அப்ப… அப்ப சாத்தான் என் காதுல…

இனோக்கே: சாத்தான் என்ன போட்டான்?

நெமானி: அவன் போடலைங்க. நான்தான். மீன் மயக்குற வேர்.

இனோக்கே: எது?

நெமானி: வேருங்க.

இனோக்கே: வேரா.

நெமானி: ஆ… ஆமாங்க. வேர்தான். உங்களுக்கு வேற ஏதாவது…?

இனோக்கே: எவ்வளவு?

நெமானி: அரை மூட்…

அபோரோசா: க்கும்.

நெமானி: …முக்கால் மூட்டை.

அபோரோசா: கேட்டீங்களா ஊர்க்காரங்களே! முக்கால் மூட்டை! அதைத் தின்னுட்டு ஆடியிருக்காங்க நம்ம ஆளுங்க!

இனோக்கே: நீ சும்மா இரு அபோரோசா. எதுல கலந்தே?

நெமானி: கீரைப் பொட்டலத்துல. தேங்காய்ப்பாலோட.

இனோக்கே: வேர்ச்சாறு பட்டா பால் சாம்பல் நிறமாயிடுமே. எங்க கண்ணுல படாதா?

நெமானி: அது… மஞ்சள் போட்டேன்.

இனோக்கே: மஞ்சள்.

நெமானி: ஆமாங்க, மஞ்சள். மேலே இறாலை வரிசையா அடுக்கி, வாடை தெரியாம இருக்க எலுமிச்சை இலையைக் கிள்ளிப் போட்டு… சும்மா சொல்லக் கூடாதுங்க, விஷமே ஆனாலும் ருசி அப்படி! அனுப்பின இலையெல்லாம் நாய் நக்கின மாதிரி துப்புரவாத் திரும்பி வந்துச்சு. ஒரு துணுக்கு மிச்சமில்லை!

அபோரோசா: மூப்பரே, ருசி போகட்டும். குத்தத்தைச் சொல்லுங்க.

இனோக்கே: என் பொட்டலத்துலயும் போட்டியா?

நெமானி: உங்க பொட்டலத்துலயா…

இனோக்கே: அவனைப் பாக்காதே. என்னைப் பாத்துச் சொல்லு. என்னோடதுல?

நெமானி: உங்களோடதுல… ரெண்டு மடங்கு.

இனோக்கே: ரெண்டு மடங்கா!

நெமானி: தனியா அடையாளம் வெச்சேங்க. தென்னை ஈர்க்கு குத்தி.

இனோக்கே: எனக்கு மட்டும் எதுக்கு?

நெமானி: எதுக்குன்னா… உங்க காலுக்குத்தாங்க பயந்தோம். மத்த பதினாலு பேரை எங்க பசங்க எப்படியாவது பாத்துக்குவாங்க. அந்தக் காலை யாரு பாத்துக்கறது? அது மட்டும் சரியா இருந்திருந்தா, அந்தக் கேடயம் எங்க ஊர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பாத்திருக்காது. எங்களுக்குத் தெரியும். ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

இனோக்கே: …அபோரோசா.

அபோரோசா: அத்தான்?

இனோக்கே: அந்தக் கதவைத் திற. ஜன்னலையும்.

அபோரோசா: சாரல் அடிக்கும் அத்தான்.

இனோக்கே: அடிக்கட்டும். வெளியே நிக்கிறவங்களுக்குக் கேக்கலை. நெமானி, இன்னொரு தடவை சொல்லு. சத்தமா.

நெமானி: முதல்லேருந்தா? பரலோகத்துல இருக்கிற…

இனோக்கே: வேண்டாம். காலைப் பத்திச் சொன்னியே. அதை மட்டும்.

நெமானி: நரோகோ ஊர்க்காரங்களே! உங்க இனோக்கே காலுக்குப் பயந்துதான் நாங்க இதைச் செஞ்சோம்! அப்படி ஒரு கால் இந்த ஆத்துக்கு ரெண்டு பக்கமும் பொறந்ததில்லை! அந்தக் கால் உதைச்சா பந்து போய் மேகத்துல ஒட்டிக்கும், மறுநாள் மழையோடதான் கீழே வரும்னு எங்க அப்பனே சொல்லியிருக்கார்!

அபோரோசா: உங்க அப்பனைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னார்.

இனோக்கே: இரு, சொல்லட்டும். நல்லாத்தான் சொல்றான்.

நெமானி: அந்தக் காலை ஜெயிக்க முடியாம, சோத்துல கை வெச்சோம். தப்பு. பெரிய தப்பு. இந்தப் பல்லை உங்க முன்னால வைக்கிறேன். மன்னிச்சுக்கங்க. நான் ஒரு பையனைப் பெத்தவன். நீங்க ஒரு பொண்ணைப் பெத்தவர். அதுங்க ரெண்டும் அன்னிக்குப் பொறக்கவே இல்லைங்க…

இனோக்கே: …அழாதே. எழுந்திரு. அட, எழுந்திருன்னு சொல்றேனில்லே.

அபோரோசா: அத்தான், பல்லைத் தொடறீங்களா?

இனோக்கே: தொட்டுட்டேன். எல்லாரும் பாத்துக்கங்க, தொட்டுட்டேன். இந்தப் பேச்சு இன்னியோட மண்ணுக்குள்ள. இனிமே நரோகோவுலயோ வைராசாவுலயோ எந்த வாயும் இதை எடுக்கக் கூடாது. யாரும் யாரையும் எதுவும் கேக்கக் கூடாது. எடுத்தவன் எவனோ, அவன் பல்லோட வரணும். பாதிரியார் ஜெபம் பண்ணட்டும்.

நெமானி: அப்ப… வாசீதி…?

இனோக்கே: அவ அம்மாவைக் கல்யாணப் பாய் பின்ன ஆரம்பிக்கச் சொல்லியாச்சு. உன் பையன்கிட்ட, திங்கக்கிழமை பஸ்ஸை விட்டுடச் சொல்லு.

*

அபோரோசா: சம்பந்தி! இனிமே சம்பந்திதானே? வா, இப்படி இந்தக் கல்லுமேல உக்காரு. தெப்பம் அக்கரையிலிருந்து வர நேரமாகும். உங்க ஆளுங்க எல்லாம் கோயில்ல டீ குடிக்கிறாங்க. உனக்கு ஒரு சிரட்டை யங்கோனா கொண்டாந்தேன்.

நெமானி: உக்காரத் தோணலை.

அபோரோசா: இன்னும் என்ன? நினைச்சது நடந்துடுச்சு. பையன் உன்கூடவே இருக்கப்போறான்.

நெமானி: அது சந்தோஷம்தான்… அவன் முகத்தைப் பாத்தியா? இனோக்கேயோட முகத்தை? மன்னிக்கிறவன் மூஞ்சி மாதிரி இல்லையே. பரிசு வாங்கினவன் மாதிரியில்லே இருந்தான்.

அபோரோசா: நீ இந்தப் பக்கம் வந்ததும் என்ன செஞ்சார் தெரியுமா? பசங்ககிட்டப் பந்தைக் கேட்டு வாங்கினார். இடுப்புச் சூலு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு உதை.

நெமானி: அய்யோ! எங்கே போச்சு?

அபோரோசா: கடைக்கூரை மேல.

நெமானி: கம்பம் எதிர்ப்பக்கமாச்சே.

அபோரோசா: ஆமா. ஆனா நல்ல உயரம். அக்கா வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. இன்னிக்கு விறகு வெட்ட மாட்டார்னு நினைக்கிறேன். என்ன, மறுபடி நடக்க ஆரம்பிச்சுட்டே?

நெமானி: ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அத்தனை பொய்யும் சொன்னேன்டா.

அபோரோசா: நல்ல காரியத்துக்கு. அவரும் புரிஞ்சுக்குவார். தென்னைமரத்து விஷயத்துல எனக்கு எத்தனையோ தடவை சாட்சி நின்னவர்தான்.

நெமானி: பொய் சொன்னதுகூட எனக்கு உறுத்தலை. எனக்கு உறுத்தறது வேற.

அபோரோசா: என்ன?

நெமானி: …வேண்டாம். பேச்சைப் புதைச்சாச்சு.

அபோரோசா: புதைச்சதைப் புதைச்சதாவே விடு.

நெமானி: முடியலைடா! யார்கிட்டயும் சொன்னதில்லை நான். என் பொண்டாட்டிகிட்டக்கூட. முக்கால் மூட்டை வேருன்னு அங்கே கத்தறேன், உள்ளுக்குள்ள ஒரு குரல், "நெமானி, நீ நிஜமாவே ஏதோ செஞ்சிருக்கே"ங்குது.

அபோரோசா: நீ ஒண்ணும் செய்யலைன்னு இப்பத்தானே கடைக்குப் பின்னால குதிச்சே?

நெமானி: விஷம் வெக்கலை. அது சத்தியம். ஆனா… அந்தத் தேங்காய்ப்பாலு. அன்னிக்கு ஆட்டத்துக்கு முன்னால நல்ல இடம் பிடிக்கணும்னு, முந்தின நாள் சாயங்காலமே பிழிஞ்சு வெச்சுட்டேன். ராத்திரி பூரா அது வெக்கையில கிடந்துச்சு. காலைல மோந்து பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சுன்னு தோணுச்சு. மோந்து பாத்தேனா, அவசரத்துல மோந்து பாத்ததா நினைச்சுக்கிட்டேனா… அதுதான் எனக்கே தெரியலை.

அபோரோசா: மச்சான்…

நெமானி: ரெண்டாம் பாதியில உங்க ஆளுங்க ஒவ்வொருத்தனா சரிஞ்சப்ப ஊரே குதிச்சுது. நான் குதிக்கலை. எனக்குப் பகீர்னுச்சு. அன்னிலேருந்து எந்தச் சாவு வீட்லயும் முதல் பொட்டலத்தை நானே தின்னுட்டு, உயிரோட இருக்கேனான்னு பாத்துட்டுத்தான் மத்தவங்களுக்குப் போடறேன். எல்லாரும் என் தொப்பையைப் பாத்துச் சிரிக்கிறீங்களே, இந்தத் தொப்பை அதுதான்.

அபோரோசா: அதுவா இது! நான் சும்மா கொழுப்புன்னு நினைச்சேன்.

நெமானி: சிரிக்காதே. ஒரு வெட்கங்கெட்ட சமையல்காரனால ஒரு மனுஷன் இத்தனை வருஷம் விறகு வெட்டிக்கிட்டு இருந்தானோன்னு… நாளைக்கு அவன் பொண்ணு என் வீட்ல வந்து சாப்பிடப்போறா. நான் என்ன மனசோட பரிமாறுவேன்?

அபோரோசா: உக்காரு முதல்ல.

நெமானி: நீ அன்னிக்கு உள்ளே இருந்தவன். பேச்சை எடுத்ததுக்கு நான் இன்னொரு பல் வேணும்னாலும் கொண்டுவர்றேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு.

அபோரோசா: இரு. பல் கை மாறிடுச்சு இல்லே?

நெமானி: மாறிடுச்சு.

அபோரோசா: ரெண்டு ஊரும் கை தட்டியாச்சு. பாதிரியார் ஜெபமும் பண்ணிட்டார். இனிமே எவனும் எவனையும் எதுக்காகவும் பல்லோட வரச் சொல்ல முடியாது இல்லே?

நெமானி: முடியாது. ஏன் இப்படிச் சுத்தி வளைக்கிறே? கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. அந்தப் பால் புளிச்சிருந்துச்சா?

அபோரோசா: இல்லை.

நெமானி: எனக்காகச் சொல்லாதே.

அபோரோசா: இல்லைடா. நல்ல பால். நல்ல இறால். எதுவும் கெடலை.

நெமானி: அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றே?

அபோரோசா: தின்னதுங்கள்ல ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலையே.

நெமானி: ஒண்ணும் ஆகலையா! பதினஞ்சு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு இருட்டி, கால் நடுங்கி…

அபோரோசா: அது பசி.

நெமானி: …என்னது?

அபோரோசா: தெப்பம் வந்துடுச்சு, ஏறு மச்சான். கதவைச் சாத்தினதும் இனோக்கே அத்தான், "இது தௌவுக்காரன் கை, ஒருத்தனும் வாயில வைக்காதீங்கடா"ன்னுட்டார். நீ சமைச்சது அத்தனையும் தின்னது, அந்த வீட்டுக்குப் பின்னால கட்டியிருந்த உங்க ஊர்ப் பன்னிங்க.